அடி வேற, நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் வேற

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் குழந்தை வளர்ப்பு பக்கத்துல வந்த கட்டுரையைப் படிச்சேன், நல்லாதான் எழுதியிருக்காங்க, ஆனா நடுவுல பிள்ளைய அடிக்கிறது ஒரு நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், அதைத் தவிர்க்கணும்னு ஒரு வரி வருது பாருங்க, அங்கதான் உறுத்திருச்சு. அடிக்கிறது தண்டனைங்க, பனிஷ்மென்ட். ரெண்டும் ஒண்ணு இல்ல, சொல்லப்போனா நேரெதிர்.

பி.எட் படிக்கும்போது நானும் இதையே தப்பா எழுதி மார்க்கை விட்டவதான், அதனால எழுதினவங்க மேல கோவமெல்லாம் இல்ல. தமிழ்ல 'எதிர்மறை வலுவூட்டல்'னு போடுறாங்க, எதிர்மறைன்னாலே கெட்டதுன்னு மண்டையில ஏறிடுது. இங்க பாசிட்டிவ் நெகட்டிவ்ங்கறது வெறும் கூட்டல் கழித்தல். புதுசா ஒண்ணு வந்து சேர்ந்தா கூட்டல், இருந்தது போனா கழித்தல். அதனால ஒரு பழக்கம் கூடுச்சுன்னா வலுவூட்டல், குறைஞ்சா தண்டனை, அவ்ளோதான். கார்ல பெல்ட் போடுற வரைக்கும் கீ கீன்னு கத்தும், போட்டதும் நின்னுடும், அந்தத் தொல்லைக்காகவே அடுத்த தடவை ஏறினவுடனே போட்டுடுறோம்ல, அதான் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். பையன் சேட்டை பண்றான்னு செல்போனைப் பிடுங்கி வெச்சு சேட்டை குறைஞ்சா? எடுத்தது என்னவோ கழித்தல்தான், ஆனா அது தண்டனை.

என் தங்கச்சி பையனுக்கு நாலு வயசு. கல்யாண வீட்டுல செல்போன் வேணும்னு தரையில உருண்டு அழுவான், இவளும் மானம் போகுதேன்னு கையில குடுத்துடுவா. அழுதா போன் கெடைக்கும்னு அவன் கத்துக்கிட்டான், அது பாசிட்டிவ். போனைக் குடுத்தா அழுகை நிக்கும்னு இவ கத்துக்கிட்டா, அது நெகட்டிவ். யார் யாரைப் பழக்குறாங்கன்னே தெரியல! இதுல ஒரு நாள் குடுத்து ஒரு நாள் மறுத்தா இன்னும் மோசம், எப்பவாவது கெடைக்கும்ங்கற நப்பாசையில புள்ள விடாம அழும், அந்த மாதிரி விட்டு விட்டு கெடைச்ச பழக்கம் லேசுல போகாது.

இன்னொண்ணு, கட்டுரையில ஸ்கின்னர்ங்கற அமெரிக்க உளவியல் அறிஞர் பேரைச் சொல்லியிருக்காங்க, ஆனா அடிக்கிறதப் பத்தி அவர் பண்ணின சோதனையை விட்டுட்டாங்களே. 1938-ல வந்த அவரோட புத்தகத்துலயே இருக்கு. நெம்புகோலை அமுக்கினா தீனி வரும்னு பழகின எலிங்களுக்கு தீனியை நிறுத்திட்டு, அதுல ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஆரம்பத்துல கொஞ்ச நேரம், அமுக்குறப்போ நெம்புகோலே திருப்பி பாதத்துல அடிக்கிற மாதிரி வெச்சார். அடி விழுந்த வரைக்கும் எலிங்க அடங்கித்தான் இருந்துச்சு, அடி நின்னதும் மறுபடி அமுக்க ஆரம்பிச்சு, கடைசியில கணக்குப் பார்த்தா அடியே வாங்காத எலிங்க எத்தனை தடவை அமுக்குச்சோ கிட்டத்தட்ட அத்தனைக்கு வந்துடுச்சு. வாத்தியார் ரூமை விட்டு வெளிய போனதும் கிளாஸ்ல என்ன நடக்கும்னு தெரிஞ்ச எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. அடிக்காதீங்கன்னு சொல்ல வந்தவங்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேற என்ன வேணும்?

நியாயமா இன்னொண்ணையும் சொல்லிடணும், அந்த 1938 புத்தகத்துல ஸ்கின்னரே நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்ங்கற பேரை இப்ப நாம தண்டனைங்கறோமே அதுக்குத்தான் வெச்சிருந்தார், அப்புறம் 1953-ல வந்த புத்தகத்துலதான் இப்ப இருக்குற அர்த்தம். அதனால உங்க கட்டுரையாளரும் நானும் தப்பு பண்ணினதுல பெரிய ஆளோட வரிசையிலதான் இருக்கோம்.

அடுத்த இதழ்ல ஒரு சின்ன திருத்தம் போட்டுடுங்க. டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைங்க எங்க ஊர்ல உங்க பக்கத்தை வெட்டி நோட்டுல ஒட்டி வெச்சுக்குதுங்க, கேள்வித்தாள்ல இது அடிக்கடி வர்ற கேள்வி.

இப்படிக்கு,
ஒரு பள்ளிக்கூட டீச்சர்,
தேனி மாவட்டம்