வேகக் கணக்கும் வெறும் கட்டமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு எதுவும் இல்லை. மகளை வார இறுதிக் கணக்கு வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய், அதுவும் என்னிடம்! பின்னக் கணக்கில் நாம் இரண்டு பேரும் வாங்கியதைக் கூட்டினாலும் ஒரு ஆள் தேறியிருக்க மாட்டான்.

சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். சேர்க்கலாம், ஆனால் எந்த மாதிரி வகுப்பு என்று பார்த்துச் சேர். நான் பையனை முதலில் சேர்த்தது வேகத்துக்கான இடம். வாரம் ஒரு கட்டுத் தாள், எதிரே கடிகாரம், முடித்த நேரத்தைத் தாளின் மேலேயே எழுத வேண்டும். குறை சொல்ல மாட்டேன், வாய்ப்பாடு விரல் நுனிக்கு வந்தது, பள்ளியில் கூட்டல் தப்பும் நின்றது. ஆனால் எட்டு மாதம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். ஒரு நிமிடத்தில் பிடிபடாத கணக்கு வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்களுக்கு இன்னும் நடத்தவில்லை" என்றான். ஏற்கனவே தெரிந்ததைச் சீக்கிரம் செய்வதுதான் கணக்கு என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டான், அந்த முடிவுக்கு அவனைக் கூட்டிப்போனது நான்தான், பணமும் கட்டி.

அப்புறம் வேறொரு இடம். அங்கே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு கணக்கு, சில நாள் அதுவும் முடியாது. முதல் நாள் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது காசு வீண் என்றுதான் நினைத்தேன். எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட வெறும் தாள். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கட்டங்களை வெட்டி எடுத்துவிட்டால் மீதி 62. அடுத்தடுத்த இரண்டு கட்டத்தை மூடுகிற அட்டைத் துண்டு 31 கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மூட முடியுமா? 31 இரண்டு 62, சரியாகத்தானே வருகிறது, நானும் முடியும் என்றே இருந்தேன். பிள்ளைகள் அடுக்கி அடுக்கிப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டமாவது மீந்துபோகிறது, ஆசிரியர் வாயே திறக்கவில்லை. பையன் வீட்டிலும் விடவில்லை, குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியில்கூடக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் ஒரு சின்னப் பெண், பொழுது போகாமல், கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாக்கியிருக்கிறாள். அவ்வளவுதான்! துண்டை எப்படி வைத்தாலும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும், வெட்டிய மூலைகளோ இரண்டும் ஒரே நிறம், மீதி ஒரு நிறத்தில் 32, இன்னொன்றில் 30. முடியவே முடியாது. "முடியவில்லை" வேறு, "முடியாது" வேறு என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது, இந்த வயதில்.

இப்படி உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. ஹங்கேரியில் 1894இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கணக்கு இதழ் நடத்தியிருக்கிறார்கள், வீட்டில் நாள் கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டு விடையை எழுதி அனுப்ப வேண்டும். ரஷ்யாவில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் 1930களில் பல்கலைக்கழகக் கணிதக்காரர்களே பள்ளிப் பிள்ளைகளோடு கணித வட்டம், அதாவது கூடி உட்கார்ந்து கணக்கை யோசிக்கிற குழு, நடத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான சர்வதேசக் கணிதப் போட்டியான ஒலிம்பியாட் எல்லாம் அப்புறம்தான், 1959இல் ருமேனியாவில். இப்போது சில இடங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடமே ஒலிம்பியாட் பேச்சுதான், அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது, பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுக்க உள்ளே உட்கார்ந்து பார். விட மாட்டோம் என்றால் அதுவே பதில். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பார், "எப்படி வந்தது, சொல்" என்று கேட்கிறாரா, அடுத்த பிள்ளையைக் காட்டுகிறாரா. வாய்ப்பாடு தடுமாறினால் அதற்கு வகுப்பு தேவையே இல்லை, வீட்டில் தினம் பத்து நிமிடம் போதும். வயதைப் பற்றிக் கேட்டாயே, ஆர்வம் இருந்தால் எந்த வயதும் சரிதான். இரண்டு மாதம் ஆகியும் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினால் நிறுத்திவிடு. வாரத்தில் அவளுக்கென்று இருப்பதே அந்த இரண்டு நாள்தான்.

பையன் இப்போது வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், யாரும் கொடுக்கவில்லை, அவனே கேட்டது. மூலை வேண்டாம், எங்கிருந்தாவது ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் எடுத்தால்? அப்படி எந்த இரண்டை எடுத்தாலும் மூடிவிடலாம், கோமரி என்கிற கணிதக்காரர் எல்லாக் கட்டத்தையும் ஒரே சுற்றில் தொட்டு வரும் பாதை ஒன்றைப் போட்டு அழகாகக் காட்டியிருக்கிறார். எனக்குத் தெரியும், அவனுக்குச் சொல்லவில்லை, மூன்று வாரமாக நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். உன் மகளிடமும் கேட்டுப் பார், ஆனால் முந்திரிக்கொட்டை மாதிரி விடையைச் சொல்லிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

முதுகுவலி எப்படி இருக்கிறது? எழுது.

உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி