பெயர்தான் மாறியது, ரயில் மாறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் ரயிலைத் தனியாரிடம் கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் நன்றாக ஓடுகிறது என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். நான் இருப்பது ஜெர்மனியில், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிற ஹாம் நகரில். தினமும் ஆர்.இ. 1 என்ற உள்ளூர் ரயிலில் டோர்ட்முண்ட் நகருக்குப் போய் வருகிறேன். 'நன்றாக ஓடுகிறது' என்பதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. சரி, அது இருக்கட்டும். அந்தத் 'தனியார்' யார் என்றுதான் சொல்ல வந்தேன்.

2020 முதல் இந்த ரயிலை ஓட்டியது அபெல்லியோ என்ற கம்பெனி. அதன் முதலாளி நெதர்லாந்து அரசு ரயில்வே! ஜெர்மனியில் 1996 முதல் உள்ளூர் ரயில்களுக்கு மாநிலங்கள்தான் பொறுப்பு. மத்திய அரசு பணம் தருகிறது. எந்த ரயில், எத்தனை மணிக்கு, எங்கே நிற்க வேண்டும் என்பதை எங்கள் பக்கத்தில் உள்ளாட்சிகள் சேர்ந்து அமைத்த போக்குவரத்து அமைப்புகள் முடிவு செய்து டெண்டர் விடுகின்றன. டிக்கெட் வசூல் போதாது என்பதால் மீதியை அவை கொடுக்கும். ரயில் தாமதமானால் அதில் பிடித்தம்.

அங்கேதான் அபெல்லியோ மாட்டிக்கொண்டது. டிரைவர் சம்பளம் ஏறியது. தண்டவாள வேலையால் ரயில் நின்றாலும் பிடித்தம். தண்டவாளமோ மத்திய அரசு கம்பெனியுடையது. 2021-ல் திவால் மனு போட்டார்கள்.

2022 பிப்ரவரி 1 முதல் அதன் இடத்துக்கு நேஷனல் எக்ஸ்பிரஸ் என்ற பிரிட்டன் கம்பெனி வந்தது. அன்று காலை பிளாட்பாரத்தில் நின்றபோது வந்தது அதே ரயில், நடுவில் அதே மாடிப் பெட்டிகள். கண்டக்டரின் சீருடை மட்டும் வேறு. பெட்டிகள் அந்தப் போக்குவரத்து அமைப்புகளின் சொத்து. பராமரிப்பது சீமென்ஸ், 32 ஆண்டு ஒப்பந்தத்தில். ஆக, ஓட்டுகிற கம்பெனி கொண்டுவருவது முக்கியமாக ஆட்களைத்தான். இன்று என் பையில் இருக்கும் 63 யூரோ மாதச் சீட்டின் விலையைக்கூட அரசுகள்தான் கூடிப் பேசி வைக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: லாபம் வராத ரயில் மக்களுக்குத் தேவை என்றால், அரசு ஒப்பந்தம் போட்டுப் பணம் தரலாம், நியாயமான லாபத்துக்கு மேல் தரக்கூடாது. 2023 டிசம்பர் முதல் டெண்டர்தான் பொது விதி, விலக்குகளும் உண்டு. அதிவேக ஐ.சி.இ. ரயில் வேறு கணக்கு. அது மானியம் இல்லாமல் தன் வருமானத்தில் ஓட வேண்டும்.

கட்டுரையாளர் நினைக்கிற மாதிரி தண்டவாளத்தையும் சேர்த்துத் தனியாருக்குக் கொடுத்துப் பார்த்த நாடு பிரிட்டன். தண்டவாளம் 2002-லேயே அந்தத் தனியார் கம்பெனியிடமிருந்து லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பின் கைக்குப் போய்விட்டது. 2025 மே முதல், ஒப்பந்தம் முடிய முடிய, ரயில் ஓட்டும் கம்பெனிகளையும் அரசு ஒவ்வொன்றாகத் தன்வசம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

— ஒரு வாசகர், ஹாம், ஜெர்மனி