அனுப்புவதற்கு முன்னால் ஒரு திருத்தம்

அன்பு மகளுக்கு,

உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு எழுதி, அனுப்புமுன் என்னைப் பார்க்கச் சொன்ன நாலு வரியைப் படித்தேன். அவள் கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நீ "யூ ஆர் புட்டிங் அப் வித் சோ மச்" என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிட்டு "யூ ஆர் கோயிங் த்ரூ சோ மச்" என்று போடு.

இரண்டுமே கஷ்டத்தைப் பற்றியவைதான். ஆனால் புட் அப் வித் என்பது சகித்துக்கொள்வது. பக்கத்து வீட்டு இரைச்சல், எதற்கெடுத்தாலும் நச்சரிக்கும் மேலதிகாரி, இப்படி வேண்டாததைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதற்குச் சொல்வது. நோயில் கிடப்பவரின் மனைவியிடம் அதைச் சொன்னால், அவரையே தொல்லை என்பதுபோல ஆகிவிடும். கோ த்ரூ நம் 'படு' மாதிரி. 'என்ன பாடு படுகிறாளோ' என்போமே, அதில் யார் மேலும் குறை இல்லை. நோய், துக்கம், மணமுறிவு, பணமுடை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஆபீசில் "ஃபைலை கோ த்ரூ பண்ணுங்க" என்று கேட்டுக் கேட்டு, படித்துப் பார்ப்பது என்ற பொருள்தான் நமக்குச் சட்டென்று வரும். அதுவும் சரியே. த்ரூவுக்குப் பின்னால் ஃபைல் வருகிறதா, துக்கம் வருகிறதா என்று பார்த்தால் போதும். பட்டதைச் சொல்லாமல் "ஷி இஸ் கோயிங் த்ரூ" என்று நிறுத்தினால் மட்டும் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

அப்புறம் அந்த 'வித்'. "ஷி வென்ட் த்ரூ எ டிவோர்ஸ்" என்றால் மணமுறிவில் கஷ்டப்பட்டாள். "வென்ட் த்ரூ வித் தி டிவோர்ஸ்" என்றால், தயங்கினாலும் கடைசியில் விவாகரத்தை வாங்கியே விட்டாள். ஒரு சின்ன சொல் சேர்ந்ததும் பட்டவள் துணிந்தவளாகிவிடுகிறாள். இங்கிலீஷ்காரர்களே இதை எப்படி நினைவு வைத்துக்கொள்கிறார்களோ!

கஷ்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் 'கோயிங் த்ரூ'. எல்லாம் முடிந்த பிறகு எழுதுவதானால் 'யூ ஹேவ் பீன் த்ரூ எ லாட்'. சமாளித்து வெளியே வருவது 'கெட் த்ரூ'. "யூ வில் கெட் த்ரூ திஸ்" என்று தைரியம் சொல்வது வழக்கம்தான், ஆனால் டாக்டரே உறுதி சொல்லாத நேரத்தில் நானாக இருந்தால் எழுதமாட்டேன்.

கடைசி வரியில், சாயங்காலம் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாயே, அதில் கை வைக்காதே. திருத்தியதும் இன்றைக்கே அனுப்பிவிடு.

அப்பா