கடைக்கே போகாமல் எழுதிய கட்டுரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆண்களின் முகச்சவரம் பற்றி நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "சவரக்கத்தி என்ற அந்த அழுக்குச் சாமான் மும்பைக் கடைகளிலிருந்து என்றைக்கோ மறைந்துவிட்டது." இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு ஆறவில்லை. இன்று காலை முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டு அந்த அழுக்குச் சாமானைக் கையில் எடுத்தபோது திரும்ப ஞாபகம் வந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா தாராவியில் சலூன் வைத்திருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை பார்த்தார். ஒவ்வொரு ஆள் எழுந்து போனதும் கத்தியை வெந்நீரில் கழுவி, டெட்டால் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து, தீட்டுகிற தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்துத்தான் அடுத்தவரை உட்காரச் சொல்வார். 1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தது உங்களுக்கே தெரியும். அதற்கப்புறம் சில வருஷத்தில் உட்காரும்போதே "புது பிளேடு போடுங்க அண்ணாச்சி" என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள், அப்பாவும் மறுபேச்சு பேசாமல் அரை பிளேடு மாட்டுகிற பிடிக்கு மாறிவிட்டார். ஒரே கத்தி பல முகத்தில் படக்கூடாது என்பது நியாயம்தான், அவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் என் கத்தி என் முகத்தில் மட்டும் படுகிறது. அது எப்படி அழுக்குச் சாமான் ஆகும்? அந்த வார்த்தையை அச்சில் ஏற்றுமுன், அந்தக் கத்தியைப் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களின் வீட்டுக்கும் உங்கள் பத்திரிகை போகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம்.

படமும் தப்பு. 'பழைய சவரக்கத்தி' என்று நீங்கள் போட்டிருப்பது, பிளேடை உறையோடு ஒடித்துப் பாதியைச் செருகுகிற அதே பிடிதான். அதைத் தீட்ட வேண்டாம், வேலை முடிந்ததும் பிளேடைத் தூக்கிப் போட்டுவிடலாம். சவரக்கத்தியின் அலகு ஒரே எஃகுத் துண்டு. முதுகு தடித்து, வெட்டுகிற வாய் மெலிந்திருக்கும், அதன் அகலத்தைக்கூட எட்டில் ஐந்து அங்குலம், எட்டில் ஆறு அங்குலம் என்றுதான் சொல்வார்கள். வாய் மழுங்கினால் 1000 நம்பர் கல்லில் தீட்டி, படிப்படியாக 8000 நம்பர் வரை போக வேண்டும், நம்பர் ஏற ஏறக் கல் வழவழப்பாக இருக்கும். கல்லில் வாய் முன்னால் போகும், தோல் வாரில் முதுகு முன்னால் போகும். மாற்றிச் செய்தால் வாரும் போச்சு, பதமும் போச்சு. சலூன் வாசலில் வளர்ந்த எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

சரி, கடைகளில் இல்லை என்கிறாரே உங்கள் கட்டுரையாளர், எந்தக் கடைக்குப் போனார்? கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்கு எதிரே அப்துல் ரஹ்மான் தெருவுக்குள் போயிருக்கிறாரா? அங்கே ஒரு சலூன் சாமான் கடையில்தான் அப்பா என்னைக் கூட்டிப்போய் என் முதல் கத்தியை வாங்கிக்கொடுத்தார். கடைக்காரச் சாச்சா விலையே பேசவில்லை. "பேட்டா, பஹ்லே ஹாத் மே லோ", முதலில் கையில் எடுத்துப் பார் மகனே, என்று கையில் கொடுத்தார். கண்ணாடி மேஜையில் கத்தியைக் கிடத்தி, முதுகும் வாயும் ஒரு சேரப் படிகிறதா, எங்கேயாவது ஆடுகிறதா என்று பார்த்தார். இரண்டு கத்தியை வேண்டாம் என்று அவரே ஒதுக்கிவைத்தார், தன் கடைச் சரக்கையே! மூன்றாவதைத்தான் அப்பா வாங்கினார். பன்றி முடி பிரஷ்ஷும் ஒரு கட்டி படிகாரமும் சேர்த்துக் கட்டிக்கொடுத்து, மழைக்காலத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வை, இல்லாவிட்டால் இந்த ஊர் ஈரத்துக்குத் துரு ஏறிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார். போன மாதம்கூடப் போனேன். இப்போது அவர் மகன் உட்கார்ந்திருக்கிறார், கத்தியும் இருக்கிறது. கல் வேண்டுமென்றால் நாக்தேவி தெரு, இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு கத்தி வேண்டுமென்றால் சோர் பஜாரில் மட்டன் தெரு. வாரை நான் தாராவியில் தோல் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் அளவு சொல்லி வெட்டி வாங்குகிறேன்.

உங்கள் கட்டுரையாளர் சொல்கிறபடி போனில் ஆர்டர் போட்டும் பார்த்தேன். பெட்டியில் சோலிங்கன் என்று பெரிய எழுத்து. ஜெர்மனியில் அந்த ஊரில் செய்யாத கத்திக்கு அந்தப் பெயர் வைக்கக் கூடாது என்று 1938-லேயே அங்கே சட்டம் போட்டாயிற்று. எனக்கு வந்தது, கண்ணாடியில் வைத்ததும் ஊஞ்சல் மாதிரி ஆடியது, எத்தனை தீட்டியும் ஒரு முடியை அறுக்கவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டால், சவரச் சாமான், சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. பணம் போனது போனதுதான்.

இவ்வளவு எழுதியபின் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாக உங்கள் இதழை வாங்குகிறேன். மும்பைத் தமிழர் என்றால் மாட்டுங்கா காபியும் பூக்கடையும், தாராவி என்றால் குடிசையும் சாக்கடையும், இவ்வளவுதான் உங்கள் பக்கங்களில் பார்த்திருக்கிறேன். சலூன் வைத்தவரும் தோல் வெட்டுகிறவரும் இட்லிக் கூடை தூக்குகிறவரும் இதே ஊரில் வாழ்ந்த தமிழர்கள்தானே? இதைப் பற்றி மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுதான் வந்தது, அதிலும் அப்பாவைப் பற்றி எழுதியதை எடுத்துவிட்டீர்கள். இடம் இல்லை என்றார்கள். அதே பக்கத்தில் பாதி, நகைக்கடை விளம்பரம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் படம் தவறு, கத்தி இன்னும் கடையில் கிடைக்கிறது என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். சரியான படம் வேண்டுமென்றால் அப்பாவின் கத்தியைப் படம் எடுத்து அனுப்புகிறேன். கட்டுரையாளர் வந்தால் நானே கூட்டிப்போகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பாதிக் கடை அடைத்திருக்கும்.

கடிதம் நீளம் என்று தெரியும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் சோலிங்கன், நம்பர் கல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்பாவைப் பற்றிய பத்தியை இந்த முறையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
சயான் கோலிவாடா, மும்பை