டெல்டா நீருக்கு ஒற்றை மாதிரி போதாது

ஆசிரியருக்கு,

ஆற்று டெல்டாக்களில் மேற்பரப்பு நீரின் தரம் குறைந்து வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, தொழிற்சாலைக் கழிவையே முதன்மைக் காரணமாக முன்வைத்திருந்தது. கழிவின் பங்கை மறுப்பதற்கில்லை. எனினும், டெல்டாவில் நீரின் தரத்தை, அதில் என்ன கலக்கிறது என்பதற்கு இணையாக, மேலிருந்து எவ்வளவு நன்னீர் வருகிறது என்பதும் தீர்மானிக்கிறது. கோடையில் நீர்வரத்து சுருங்கும்போது, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர், கடல் மட்டம் நாள்தோறும் ஏறியிறங்கும் ஓதத்தோடு உள்ளேறுகிறது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 2016, 2020 ஆம் ஆண்டுகளின் வறட்சியில் நிகழ்ந்தது இதுவே. உப்பைத் தடுக்க மதகுகளை நெடுநாள் மூடி வைத்தாலோ, வயல்களிலிருந்து வடியும் உரச்சத்தும் குடியிருப்புகளின் சாக்கடையும் வெளியேற வழியின்றித் தேங்கிப் பாசி பெருகுகிறது.

வாய்க்கால் நீரைச் சோதிக்கும் பணியில் இருந்தபோது, ஒரே மதகடியில் ஓதம் இறங்கிய வற்றத்தின்போது எடுத்த நீரும் ஓதம் ஏறியபின் எடுத்த நீரும் உப்பளவில் பல மடங்கு வேறுபட்டதைக் கண்டிருக்கிறேன். பாசி மண்டிய நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். மாதிரி எடுப்பவர்களோ பெரும்பாலும் வெயிலேறிய பிறகே வருகிறார்கள். எனவே, ஆய்வு முடிவுகளை வெளியிடும் அமைப்புகள், மாதிரி எடுத்த நேரம், ஓதநிலை, அன்றைய நீர்வரத்து ஆகியவற்றையும் உடன் வெளியிடுவதோடு, கோடையின் உச்சத்திலும் முதல் மழை வடியும் நாள்களிலும் தவறாமல் மாதிரி எடுப்பதை விதியாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்