தேய்ந்த மணிக்கட்டுக்கு விபத்து நாள் எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேரணாம்பட்டிலிருந்து கம்பெனிப் பேருந்தில் போய்வந்து, ஒரு காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவில் 14 ஆண்டுகள் அப்பர் (காலணியின் மேற்பகுதி) தைத்தவள் நான். தோலின் விளிம்பை மடித்து, மணிக்கட்டை வளைத்து ஊசிக்குக் கீழே தள்ளி, நூலைக் கத்தரித்து, அடுத்ததை எடுக்கும் அதே அசைவை மணிக்கணக்கு டார்கெட்டுக்காக நாள் முழுவதும் செய்ததில், வலது கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப்போகத் தொடங்கின. கையை உதறியபடியே விழித்திருப்பேன். மணிக்கட்டின் குறுகிய பாதையில் நரம்பு நசுங்கியிருப்பதை நரம்புக் கடத்தல் பரிசோதனை காட்டியது. கார்ப்பல் டனல் என்று மருத்துவர் சொன்னார்.

இதைப் பணிக்காயமாக ஏற்கும்படி மனுக் கொடுக்கப் போனபோது, விபத்து நடந்த நாளையும் நேரத்தையும் கேட்டார்கள். இயந்திரத்தில் விரல் மாட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். 14 ஆண்டுகளில் எந்த நாளைச் சொல்வது? “வீட்டில் துணி துவைப்பதில்லையா, மாவு பிசைவதில்லையா?” என்றார் அலுவலர். சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் இந்தக் கோளாறைத் தரலாம் என்பது உண்மையே. எனக்கு இரண்டும் இல்லை என்ற பரிசோதனை முடிவு என் கையிலேயே இருந்தது. அதை அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. சாதாரண நோய் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உதவித்தொகை ஊதியத்தில் 70 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு 91 நாட்களுக்கு. பணிக்காயம் என்றால் இயலாமை நீடிக்கும் வரை 90 விழுக்காடு. சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் உள்ள நோயாக இருந்தால், குறிப்பிட்ட விபத்தால் வந்தது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. தோல் பதனிடுபவரை வாட்டும் குரோமியம் அந்த அட்டவணையில் இருக்கிறது. அதே தோலைத் தைப்பவரின் மணிக்கட்டு இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்போ 2010-ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே கார்ப்பல் டனலைப் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. இஎஸ்ஐ இல்லாத தொழிலாளர்களுக்கான 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தன் தொழில்நோய் அட்டவணையில் புதிய தொழிலையும் அதற்குரிய நோயையும் சேர்க்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் தந்திருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று காலணித் தொழிலையே நம்பியிருக்கும் பழைய வடஆற்காட்டுக்காக அதை யாரும் பயன்படுத்தவில்லையே என்பதே என் ஆதங்கம். அச்சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ள இந்த வேளையிலாவது, தையலையும் மணிக்கட்டுக் கோளாறையும் அட்டவணையில் சேர்க்க அரசுகள் முன்வர வேண்டும். குடியாத்தம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களின் விரல்களும் இப்படித்தான் தேய்கின்றன. அவர்களில் பலருக்கு யாரை முதலாளி என்று எழுதுவது என்பதே வழக்காகிவிடும்.

இஎஸ்ஐ இல்லாத சிறு பட்டறைகளில் தைக்கும் சகோதரிகள், வலி தொடங்கியதுமே முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பீடு கேட்டு மனுக் கொடுப்பதற்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நோயாளி என்ன வேலை செய்கிறார், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார் என்பதைச் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் உள்ள ஏழு சீட்டுகளிலும் ‘வலது கை வலி’ என்று இருக்கிறது. நான் தையல்காரி என்பது ஒன்றில்கூட இல்லை.

இப்படிக்கு,
காலணித் தொழிலாளி ஒருவர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.