நோயுற்ற நீதிபதிக்கும் தவறு செய்த நீதிபதிக்கும் ஒரே வாசலா?

திருநெல்வேலிச் சீமையின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் இதை எழுதுகிறேன். நீதிபதிகள் மீதான நடவடிக்கை பற்றிய சட்டம் உங்கள் அவையில் இயற்றப்பட்டது என்பதால், இம்மடல் நீதிமன்றத்துக்கு அல்லாமல் உங்களுக்கு வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கீழமை நீதிமன்றம் ஒன்றில் ஒரு நீதிபதி இருந்தார். கை சுத்தமானவர், தோற்றுப்போன கட்சிக்காரர்கூட அதை மறுக்கமாட்டார். ஆனால் சாட்சியிடம் கேட்ட கேள்வியையே கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். பெஞ்ச் கிளார்க் வழக்குக் கட்டைப் பிரித்து, உரிய வரியில் விரலை வைத்தபடியே பக்கத்தில் நிற்பார். வக்கீல்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வாய்தா வாங்கிக்கொண்டு போவார்கள். நாங்குநேரியிலிருந்து பாகப்பிரிவினை வழக்குக்காக பஸ் ஏறி வந்த பெரியவர் ஒருவர், "ஐயாவுக்கு மேலுக்குச் சொகமில்லையோ?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த வளாகத்தில் வேறு எவரும் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை.

கீழமை நீதிமன்றங்களுக்காவது அரசமைப்புச் சட்டத்தின் 235ஆவது பிரிவு உண்டு. உயர் நீதிமன்றம் விடுப்பில் அனுப்பலாம், இடம் மாற்றலாம், துறை விசாரணை நடத்தலாம். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தாமாக விலகாவிட்டால், சட்டத்தில் நாடாளுமன்றம் வழியான பதவி நீக்கம் ஒன்றுதான் வழி. லஞ்சம் வாங்கியவரானாலும் நினைவு தப்பியவரானாலும், மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும். மூவர் குழு விசாரிக்க வேண்டும். பின்னர் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரு பங்கும் வேண்டும். இயலாமையைச் சோதிக்க மருத்துவ வாரியம் அமைக்க 1968ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் குற்றம் செய்தவருக்குப் போலவே நீக்கக் கோரும் தீர்மானம் அவையில் ஏற்கப்பட்ட பிறகே அந்த வாரியம் வருகிறது. எந்தக் குடும்பம் அதற்குச் சம்மதிக்கும்?

ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதியவரைத் தூக்கியெறிய முடியாதபடி அந்த வாசல் குறுகலாகத்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசாமியை நீக்கக் கோரி மக்களவையில் வந்த தீர்மானத்தில் 196 பேர் ஆதரித்து வாக்களிக்க, 205 பேர் எப்பக்கமும் வாக்களிக்காமல் இருந்ததால் அது வீழ்ந்தது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 2011இல் கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் மாநிலங்களவையின் தீர்மானத்துக்குப் பின் தாமே விலகினார். இன்றுவரை இவ்வழியில் ஒருவரும் நீக்கப்பட்டதில்லை.

நீதிபதிகள் மீதான புகாரை நீதிபதிகளே விசாரிக்கும் உள்விசாரணை முறை ஒன்று, உச்ச நீதிமன்றம் 1999இல் ஏற்றது, உண்டு. அதன் அறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமை புகார் கொடுத்தவருக்கு இல்லை. எச்சரிக்கை போன்ற சிறு நடவடிக்கைகளுக்கு வழிசெய்த மசோதா 2012இல் மக்களவையில் நிறைவேறி, 2014இல் அவை கலைந்ததும் காலாவதியானது. வீண் புகாருக்குச் சிறை என்று அதில் இருந்த பிரிவை நான் ஏற்கவில்லை. அது இருந்தால் நாங்குநேரிப் பெரியவர் என்னிடம்கூடக் கேட்டிருக்கமாட்டார்.

அந்தப் பிரிவை விலக்கி, அம்மசோதாவை மீண்டும் கொண்டுவாருங்கள். நோயுற்ற நீதிபதி மருத்துவர் குழுவின் சான்றோடு, முழு ஓய்வூதியத்தோடு, அவை விவாதம் இன்றி விலகத் தனி வழி செய்யுங்கள். அரசு முன்வராவிட்டால் தனிநபர் மசோதாவாக நீங்களே தாக்கல் செய்யலாம். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
பாளையங்கோட்டை.